இழுவைக் கயிறு

மே 29, ஞாயிறு

வின்ச் இன்று சுற்றியது. இரண்டு மாதமாக நானும் ஆசீர்வாதமும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

ஷெட்டில் இரண்டு சக்திமான் லாரிகள் நிற்கின்றன. பட்டாளத்தில் கண்டம் என்று கழித்து ஏலம் விட்டவை. ஒன்று ஓடுகிறது, மற்றது உதிரிக்கு. அந்த உதிரி வண்டியின் மூக்கிலிருந்த வின்ச்சைக் கழற்றி ஓடுகிற வண்டியின் முன்பக்கம் ஏற்றியிருக்கிறோம். இன்ஜின் சக்தியிலேயே கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை அது. வண்டிக்குப் பச்சை அடிக்கக் கூடாது, அது பட்டாளத்து நிறம் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மண் நிறம் அடித்தோம். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

பம்புசெட் கடை வைத்திருப்பவனுக்குப் பட்டாளத்து லாரி எதற்கு என்று ஊரில் கேட்காத ஆளில்லை. சிலர் புறா வளர்க்கிறார்கள். காலையில் முடுக்கிவிட்டு, அந்த உறுமல் ஒரே சீராக நிலைக்கும்போது என் நெஞ்சுக்குள் ஏதோ வந்து உட்காருகிறது. அவ்வளவுதான்.

ஆசீர்வாதம் இதே வண்டியை லடாக்கிலும் சிக்கிமிலும் ஓட்டியவர். ஹவில்தாராக ஓய்வுபெற்று, காலனியில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக ஷெட்டுக்கு வந்துவிடுவார். என்னை 'சாப்' என்பார், நான் அவரை 'ஹவில்தாரே' என்பேன். எங்களுக்குள் எந்த வித்தியாசமும் கிடையாது. அவருக்கென்று ஷெட்டிலேயே ஒரு டம்ளர் வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் வந்து போகும் சிரமம் இல்லை.

புயலில் விழுந்த புளியமரத்தின் அடிக்கட்டையைக் கட்டி இழுத்துப் பார்த்தோம். மண்ணைப் பிளந்துகொண்டு வேரோடு வந்தது. கூட்டம் கூடிவிட்டது. என் மனைவி கற்பகத்தின் அண்ணன் நந்தகோபாலும் வந்திருந்தார். ஊரில் அவர் சொல்தான் சொல்.

"இன்னா மாப்ள, எவ்ளோ இஸ்க்கும்?"

"அஞ்சு டன் வரும் மச்சான்."

"செவுரு?"

"செவுரு இன்னா, வீட்டையே இஸ்துகினு வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நந்தகோபாலின் மகன் தினகர் கைதட்டினான். ஆசீர்வாதம் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு கையுறை போட்டுக்கொண்டு கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"சாப், இந்தக் கயிறு வேலைக்காவாது. அங்கங்க இழை விட்டிருக்குது. கட்டைக்கே முனகுச்சு. புதுசு வாங்குற வரைக்கும் இத்த வெச்சி எதையும் இழுக்காதீங்க. அறுந்தா சாட்ட மாதிரி வரும். ஆள வெட்டிப் போட்டுடும். நான் பாத்திருக்கேன்."

அடுத்த முறை மெட்ராஸ் போகும்போது வாங்க வேண்டும்.

ஜூன் 2, வியாழன்

பின்சக்கர பிரேக் கட்டைகளை மாற்றினேன். கிரீஸ் அடித்தேன்.

பஸ் நிறுத்தத்தில் அடிதடி. காலனிப் பையன் ஒருவன் ஊர்த்தெரு வழியாக பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு போனானாம். இறக்கி, மண்டையைச் சாக்கடைக் கல்லில் இடித்திருக்கிறார்கள். கடைக்கு எதிரே நடந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.

எல்லாம் அந்தப் படிப்பகத்தால் வந்த புகைச்சல். காலனி முகப்பில், மெயின் ரோட்டோரம், காலனிக்காரர்கள் ஒரு கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். தேர் திரும்புகிற இடம் அது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். கேஸ் போட்டுத் தோற்றுவிட்டார்கள். தேருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவே இரண்டு லாரி போகலாம். நான் அளந்து பார்க்கவில்லை, கண்ணுக்குத் தெரிகிறது.

எனக்கு இதில் பங்கில்லை.

ஜூன் 8, புதன்

கடையில் பேசிக்கொண்டார்கள். படிப்பகத்தை இடிக்க ஜே.சி.பி. கேட்டு அலைகிறார்களாம். கோர்ட் விஷயம் என்று தெரிந்து எந்த டிரைவரும் வர மறுக்கிறானாம்.

நான் ஒரு மோட்டாருக்கு காயில் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 11, சனி

நந்தகோபால் வீட்டுக்கு வந்தார். கற்பகம் வடை சுட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, லாரி சாவியக் குடு. பந்தலுக்கு மரம் இஸ்துனு வரணும்."

திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பந்தல் மரம் என்றார். நான் வேறெதுவும் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்தேன். கிளட்ச்சை மெதுவாக விடச் சொன்னேன்.

கயிற்றைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், எதை இழுக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்டது போல ஆகிவிடும். பந்தல் மரத்துக்கு வின்ச் தேவையில்லை, தூக்கி வைத்தால் போதும். அதனால் சொல்லவில்லை.

கற்பகம் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். கடையில் இருந்தேன். சத்தம் கேட்டது. என் வண்டியின் சத்தம் எனக்குத் தெரியும். ஓடும்போது ஒரு மாதிரி, நின்ற இடத்தில் வின்ச் சுற்றும்போது வேறு மாதிரி. இது இரண்டாவது. நான் ஓடினேன்.

லாரி மெயின் ரோட்டில் காலனியைப் பார்த்து நின்றிருந்தது. படிப்பகத்தின் முன்தூணில் கயிற்றைச் சுற்றியிருந்தார்கள். கடப்பாரை, உருட்டுக்கட்டை, பெட்ரோல் கேன்களோடு ஊர்ப் பையன்கள். காலனி ஆட்களில் பாதிப்பேர் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் கல் எறிந்தார்கள். என் வண்டியின் ஹெட்லைட் ஒன்று உடைந்தது. தினகர் கயிற்றின் பக்கத்திலேயே நின்று, "விடாத, இழு, இழு" என்று கையசைத்துக்கொண்டிருந்தான். தூணில் விரிசல் ஓடியது. கயிறு நெறிபடும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஆசீர்வாதம் கோயிலிலிருந்து வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்தார். கட்டடத்துக்கு முன்னால் போய் நிற்பார் என்று நினைத்தேன். அவர் தினகரைப் பார்த்துக் கத்தினார்.

"டேய், கயிறு போவுதுடா! தள்ளிப் போ! எல்லாரும் தள்ளிப் போங்க!"

தினகர் அவரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதை முடிக்கவில்லை.

கயிறு அறுந்தது. துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கயிறு வந்ததை யாரும் பார்த்திருக்க முடியாது. தினகர் உட்கார்ந்துவிட்டான். எழுந்து நிற்கப் பார்த்தான். முட்டிக்குக் கீழே கால் வேறொரு திசையில் கிடந்தது, தோலில் தொங்கிக்கொண்டு. ரத்தம் ரோட்டில் பீய்ச்சி அடித்தது. லாரியை ஓட்டியவன் குதித்து ஓடிவிட்டான். தூண் சாய்ந்து முகப்புச் சுவர் மொத்தமும் இறங்கியது. புழுதி.

ஆசீர்வாதம் தன் பெல்ட்டைக் கழற்றி தினகரின் தொடையில் சுற்றி, முட்டியால் மிதித்து இறுக்கினார். "பாரு, என்னப் பாரு, கண்ண மூடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு.

அப்போது பின்னாலிருந்து ஒரு கடப்பாரை அவர் தலையில் இறங்கியது. அவர் பெல்ட்டை விடவில்லை. இரண்டாவது அடி முகத்தில். யாருடைய கை என்று புகையில் எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஓட்டு வீடுகளுக்கு உள்ளே பெட்ரோல் ஊற்றினார்கள். ஆசீர்வாதத்தின் மனைவி எஸ்தர் பைபிளும் கையுமாக ரோட்டில் ஓடி வந்தாள். அவள் முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். பெண்கள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

நான் லாரியில் ஏறினேன். இன்ஜினை யாராவது நிறுத்த வேண்டும் அல்லவா. நிறுத்தினேன். கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றினேன். போலீஸ் வரும்வரை உள்ளேயே இருந்தேன்.

மத்தியானம், யாரும் தடுக்காததால், வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து கழுவினேன். ரத்தம் காய்ந்தால் பெயின்ட் உரிந்துவிடும்.

ஜூன் 13, திங்கள்

லாரியைப் போலீஸ் எடுத்துப்போய்விட்டது. தினகருக்கு முட்டிக்கு மேல் காலை எடுத்துவிட்டார்கள். ஆசீர்வாதம் பெரியாஸ்பத்திரியில். இடது கண் போய்விட்டதாம்.

ஜூன் 14, செவ்வாய்

நந்தகோபால் ஒரு வக்கீலோடு வந்தார். புகாரை எழுதியே கொண்டுவந்திருந்தார்கள். ஆசீர்வாதம் என் அனுமதி இல்லாமல் லாரியை எடுத்துப் போனார், கயிற்றை முன்கூட்டியே அறுத்து வைத்தார், ஊர்ப் பையன்களைக் கொல்லத் திட்டமிட்டார் என்று.

"அவன்தான மாப்ள அந்த வின்ச்ச மாட்டினான்? கயிறு வீக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குதே. தள்ளிப் போடான்னு கத்தினானே. தெரியாமலா கத்தினான்?"

தெரிந்துதான் கத்தினார். அது உண்மைதானே.

கையெழுத்துப் போட்டேன். கற்பகத்துக்காக. அவள் அண்ணன் மகன் காலில்லாமல் கிடக்கிறான்.

ஜூன் 16, வியாழன்

உதிரி வண்டியின் டீசல் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். ஸ்பிரிங் ஒன்று உடைந்திருக்கிறது.

ஜூன் 19, ஞாயிறு

தினகரைப் பார்க்கப் போனோம். வாடிய கீரைத்தண்டு மாதிரி கிடந்தான். கற்பகம் அழுதாள். நந்தகோபால் கட்டில் பக்கத்தில் நின்று ஆப்பிள் வெட்டிக்கொண்டிருந்தார்.

தினகர் என்னைப் பார்த்துக் கேட்டான். "மாமா, அந்தாளு எப்டி இருக்காரு?"

"எந்தாளு?"

"பெல்ட்டு கட்னவரு."

அவனே பேசினான். "அவரு இல்லன்னா அங்கயே செத்திருப்பேன்னு டாக்டர் சொன்னாரு. அவர எங்கப்பாதான் அடிச்சாரு. நான் கீழ படுத்துனு பாத்தேன். நீங்க மேல வண்டில ஒக்காந்துனு பாத்தீங்க. ஒங்க மூஞ்சி எனக்குத் தெரிஞ்சுது மாமா."

நந்தகோபால் அவன் கன்னத்தில் அறைந்தார். கையில் கத்தி இருந்ததையே மறந்துவிட்டார். கன்னத்தில் கோடாக ரத்தம் வந்தது. அதே கையால் மறுபடி அறைந்தார். தினகர் முகத்தைத் திருப்பவே இல்லை. "எத்தினி வாட்டி அடிச்சாலும் நீதாம்ப்பா" என்றான். நர்ஸ்கள் ஓடி வந்து அவரை வெளியே தள்ளினார்கள்.

வரும் வழியில் பஸ்ஸில் கற்பகத்திடம் சொன்னேன், உனக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று.

"எனக்காகன்னு சொல்லாதீங்க" என்றாள். "நான் கேக்கல."



ஜூன் 21, செவ்வாய்

யாருக்கும் சொல்லாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஆசீர்வாதம் தலைக்காய வார்டில், தலையெல்லாம் கட்டு. அவர் கையைக் கட்டில் கம்பியோடு விலங்கிட்டிருந்தார்கள். என் புகாரின் பேரில்.

கான்ஸ்டபிள் ஒருவர் ஸ்டூலில் தூங்கிக்கொண்டிருந்தார். எஸ்தர் கீழே பாயில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். தண்ணீர் சொம்பை எடுத்து என் முகத்தில் அடித்தாள். நெற்றி பிளந்துவிட்டது. சத்தமே போடவில்லை. திரும்பப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். ஆசீர்வாதத்துக்கு நினைவு இருந்ததா என்று தெரியவில்லை. ஒற்றைக் கண் திறந்துதான் இருந்தது.

அங்கேயே ஐந்து தையல் போட்டார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். ஷெட்டில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

ஒன்று எழுத வேண்டும். கடப்பாரை இறங்கியபோது புகை இல்லை. புகை பிறகுதான் வந்தது. அப்போதே நான் வண்டிக்குள் ஏறியிருந்தேன். நந்தகோபாலைத் தெளிவாகப் பார்த்தேன்.

ஜூன் 27, திங்கள்

மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தேன். சாவி கொடுத்தது, எதற்கு என்று தெரிந்தே கொடுத்தது, கயிறு பழுது என்று சொல்லாமல் இருந்தது, அடித்தது யார், வண்டியைக் கழுவியது யார், புகாரை எழுதிக்கொண்டு வந்தது யார். அந்த அம்மா நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு இடத்தில் நிமிர்ந்தார்.

"வண்டிக்குள்ள எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"எல்லாம் முடியற வரைக்கும்."

ஜூலை 10, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

போன ஞாயிறு உதிரி வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். முதுகு சிராய்த்துக்கொண்டு வந்தது. நந்தகோபாலும் இன்னும் சிலரும். எல்லோரும் என் கடையில் கடன் சொல்லி மோட்டார் வாங்கியவர்கள்.

"எந்தக் கையால எழுதிக் குடுத்த?" என்று கேட்டார்.

கழற்றி வைத்திருந்த பிரேக் டிரம் மேல் என் வலது கையை வைத்து அழுத்தினார்கள். என் சுத்தியலைத்தான் எடுத்தார். முதல் அடியில் விரல்கள். இரண்டாவது அடியில் புறங்கை. மூன்றாவதிலிருந்து எனக்கு எண்ணிக்கை இல்லை. என் வாயில் எண்ணெய்த் துணியைத் திணித்திருந்தார்கள்.

கற்பகம் ஓடி வந்தாள். அண்ணனின் தோளைக் கடித்தாள். அப்படிக் கடித்து நான் எந்த மனுஷியையும் பார்த்ததில்லை. சதை பிய்ந்தது. அவர் அவளை உதறியதில் லாரிப் படியில் போய் மோதினாள். அவளுக்கு விலா எலும்பு விரிசல். அப்புறம் உதிரி வண்டியின் மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். டயர் எரியும் புகை ஊரையே மூடிக்கொண்டது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஷட்டரை இறக்கியிருப்பார்கள்.

எங்களைத் தூக்கி ஆட்டோவில் போட்டது காலனிப் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் தலையில் தையல் தழும்பு இருந்தது. பஸ் நிறுத்தத்தில் அடி வாங்கியவன்.

ஆகஸ்ட் 5, வெள்ளி

ஆசீர்வாதத்தின் மேல் போட்ட கேசைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நந்தகோபாலைக் கைது செய்து, பிறகு ஜாமீனில் விட்டிருக்கிறார்கள்.

வலது கையில் இரண்டு விரல் மடங்காது என்று டாக்டர் சொல்கிறார்.

நவம்பர் 14, திங்கள்

கடைக்கு யாரும் வருவதில்லை. கற்பகம் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். அண்ணன் வீட்டிலிருந்து தீபாவளிக்கு யாரும் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

லாரி போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கிறது. கேஸ் முடியும்வரை அங்கேதான். பேட்டரியை யாரோ கழற்றிவிட்டார்கள். டயர்கள் இறங்கிவிட்டன. அந்தப் பக்கம் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

மறு வருடம், பிப்ரவரி 20, திங்கள்

கோர்ட்டில் இன்று தினகர் சாட்சி. ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினான். அப்பாவும் பங்காளிச் சித்தப்பாமாரும் குற்றவாளிக் கூண்டில். அவன் அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு போய் நின்றான். நடந்ததை வரிசையாகச் சொன்னான். எதிர் வக்கீல் அவனைக் குறுக்கு மறுக்காகக் கேட்டார். "அவ்வளவு வலியில உனக்கு மூஞ்சி எப்படித் தெரியும்?" என்றார்.

"எங்கப்பா மூஞ்சி எனக்குத் தெரியாதா சார்?" என்றான்.

சாப்பாட்டு இடைவேளையில் படியில் இறங்கிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து நந்தகோபால் பாய்ந்து அவன் கட்டையைப் பிடுங்கினார். தினகர் மூன்று படி உருண்டான். கீழே கிடந்தவனை அவர் அந்தக் கட்டையாலேயே அடித்தார். மீதமிருந்த காலில் அடித்தார். "இதயும் எடுத்துடறேன், இதயும் எடுத்துடறேன்" என்று கத்தினார். அழுதுகொண்டே அடித்தார். வக்கீல்கள் நின்றார்கள். போலீஸ்காரர்கள் அப்போதுதான் டீ கிளாசைக் கீழே வைத்தார்கள்.

நானும் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு அடி விழும் நேரம். அப்புறம் போய் தினகரின் மேல் விழுந்தேன். மூன்றாவது அடி என் வாயில் இறங்கியது. பல் உடைந்து நாக்கில் குத்தியது. அடுத்தது முதுகில். அதற்குள் பிடித்துவிட்டார்கள்.

ஆசீர்வாதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். முதலில் என்னைப் புரட்டி ஓரமாகத் தள்ளினார், பாரத்தை இறக்குவது போல. தினகரைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்து, காலை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"ஒடையல. நீட்டு. மடக்கு. ஒண்ணும் ஆவல."

தினகர் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். அவர் அவன் முதுகில் கையைப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றார். காலனியில் எரிந்த வீடுகளில் அவர் வீடும் ஒன்று.

பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த நாளுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசியது இதுதான் முதல்.

"வாயில ரத்தம் வருது. தொடைங்க."

துடைத்தேன்.

"நாளைக்கு உங்க சாட்சிதானே?"

"ஆமா. வரேன் ஹவில்தாரே."

"வரேன்னு சொல்லாதீங்க" என்றார். "வாங்க."

பிப்ரவரி 21, செவ்வாய்

போனேன்.